எச்.ஐ.வி. தொற்றைத் தாமதமாகக் கண்டறிதல்

எச்.ஐ.வி. தொற்றைத் தாமதமாகக் கண்டறிதல் என்பது, ஒருவருடைய நோய் எதிர்ப்பு ஆற்றல் பெருமளவு சிதைந்த பிறகே அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவருவதாகும். மருத்துவர்கள் இதனை இரத்தத்திலுள்ள சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளக்கின்றனர். நலமான ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவ்வணுக்கள் ஏறத்தாழ 500 முதல் 1500 வரை இருக்கும். தொற்று தெரியவரும் நாளில் இது 350க்குக் கீழே இருந்தால் 'தாமதம்' என்றும், 200க்குக் கீழே இருந்தால் 'முற்றிய நிலை' என்றும் கொள்வது வழக்கம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோரை, எண்ணிக்கை எதுவாயினும், முற்றிய நிலையினராகவே உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது.

எச்.ஐ.வி. என்பது கிருமியின் பெயர். எய்ட்ஸ் என்பது அக்கிருமி பல ஆண்டுகள் கவனிப்பாரின்றி வேலை செய்த பின் உண்டாகும் நிலையின் பெயர். பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறோம். இந்தக் கட்டுரையின் பொருளைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு மிகவும் தேவை. ஏனெனில் தாமதம் என்பது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலம் வீணாவதுதான்.

சத்தமில்லாத ஆண்டுகள்

கிருமி உடலில் புகுந்த சில வாரங்களில் சிலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு ஆகியவை வந்து தாமாகவே போய்விடும். சாதாரணக் காய்ச்சலிலிருந்து இதைப் பிரித்தறிய இயலாது. அதன் பிறகு எட்டு, பத்து ஆண்டுகள் வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருக்கலாம். ஆள் வேலைக்குப் போவார், திருமணம் செய்வார், பிள்ளை பெறுவார். உள்ளே சி.டி.4 அணுக்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்.

இந்தக் காலத்திலும் உடல் சில குறிப்புகளைத் தரவே செய்கிறது. இளம் வயதில் அக்கி வருவது, வாயினுள் வெள்ளைப் படலம் படிவது, மாதக்கணக்கில் நிற்காத வயிற்றுப்போக்கு, காரணமின்றி எடை குறைவது, காசநோய் ஆகியவை அத்தகைய குறிப்புகள். அக்கிக்கு மண்பாண்டம் செய்பவரிடம் சென்று காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்றும் உண்டு. எழுதுவதில் தவறில்லை, முப்பது வயதுக்காரருக்கு ஏன் அக்கி வந்தது என்ற கேள்வியை யாரும் கேட்காமல் விடுவதுதான் தவறு. அக்கேள்வியை மருத்துவர்களே கேட்காமல் விடுவதும் உண்டு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், 'மரியாதையான குடும்பத்தினர்', திருமணமாகாத பெண்கள் ஆகியோரிடம் இச்சோதனையைப் பற்றிப் பேசப் பலர் தயங்குகின்றனர். கிருமிக்கு அந்தத் தயக்கம் இல்லை.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ்நாட்டில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவின் முதுநிலை ஆய்வுக்கு இப்பொருளைக் கொடுத்தார். நிர்மலா பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காத்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசென்று சோதித்தார். இந்தியாவுக்கு இந்நோய் வராது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. சில மாதிரிகளில் தொற்று உறுதியானது. சுனிதி சாலமன் பின்னர் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற மையத்தைச் சென்னையில் நிறுவி, 2015இல் மறையும்வரை இப்பணியிலேயே இருந்தார்.

மாநில அளவில் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுக்கென்று தனிச் சங்கம் அமைத்த முதல் மாநிலமும் தமிழ்நாடே (1994). இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் 'புள்ளிராஜா' விளம்பரம் சுவரெங்கும் இருந்தது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் செய்தி போய்ச் சேர்ந்தது. இன்று அத்தகைய விளம்பரங்களைக் காண்பது அரிது. நோய் குறைந்ததால் பேச்சும் குறைந்தது. பேச்சு குறைந்ததால், இப்போது இருபது வயதிலிருப்பவர்களுக்கு இதைப் பற்றி அவர்களின் பெற்றோருக்குத் தெரிந்த அளவுகூடத் தெரிவதில்லை.

இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்வதாகத் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2023ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குத் தமக்குத் தொற்று இருப்பது தெரியாது. தாமதமாகக் கண்டறியப்படுவோர் இந்த ஐந்தில் ஒருவரிலிருந்தே வருகின்றனர்.

கரிசல் வட்டாரம்

பாஞ்சாலங்குறிச்சி, ஒட்டப்பிடாரம், கயத்தாறு, எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய கரிசல் பூமி மானாவாரி நிலம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி உளுந்து, பாசி, பருத்தி, மக்காச்சோளம், மிளகாய் விதைப்பர். அறுவடை முடிந்தால் நிலத்தில் வேலை இல்லை. ஆகவே ஆண்கள் திருப்பூர், கோயம்புத்தூர், மும்பை என்று வெளியூர்களுக்கும், லாரி ஓட்டவும், வெளிநாடுகளுக்கும் போவது இப்பகுதியின் நெடுநாள் வழக்கம். பெண்கள் தீப்பெட்டி ஆலைக்கும் நூற்பாலைக்கும் செல்வர். மதுரையையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை இவ்வட்டாரத்தின் நடுவே ஓடுகிறது.

இடம்பெயர்ந்து வேலை செய்வது மட்டுமே நோய்க்குக் காரணம் ஆகாது. ஆனால் தாமதத்துக்கு அது காரணமாகிறது. வெளியூரில் உடல்நலம் கெட்டால் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்குப் போக மனம் வராது. மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்கிக்கொள்வர். ஊர்க் கோயில் கொடைக்கு வரும்போதுதான் ஆள் பாதியாக மெலிந்திருப்பதை வீட்டார் காண்பர். அதன் பிறகு தொடங்கும் அலைச்சல் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரே மாதிரியானது. முதலில் உள்ளூரில் ஊசி. பிறகு டைபாய்டு என்று சோதனை, குளுக்கோஸ். மஞ்சட்காமாலையாக இருக்கும் என்று பச்சிலை மருந்து. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று குறி கேட்பது. பிறகு கோவில்பட்டியிலோ தூத்துக்குடியிலோ தனியார் மருத்துவமனையில் ஸ்கேன். இறுதியில் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி என்று மக்கள் சொல்லும் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எச்.ஐ.வி. சோதனை இந்த வரிசையின் கடைசியில்தான் வருகிறது. வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் உள்ள 'நம்பிக்கை மைய'த்தில் இச்சோதனை முதல் நாளே இலவசமாகச் செய்யப்பட்டிருக்கும்.

அந்த மையம் பக்கத்திலேயே இருப்பதும் ஒரு தடைதான். அங்கே வேலை பார்ப்பவர் ஒன்றுவிட்ட உறவாக இருக்கலாம். வரிசையில் நிற்கும்போது பக்கத்துத் தெருக்காரர் பார்க்கலாம். ஆகவே சோதிக்க விரும்புகிறவர்களும் தெரியாத ஊரைத் தேடிப் போகின்றனர், அல்லது போகாமலே விடுகின்றனர்.

உடல் செலுத்தும் விலை

சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனபின், நலமான உடலை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட உயிருக்கு உலை வைக்கும். இவற்றில் முதலிடம் காசநோய்க்கு. உலகெங்கும் எச்.ஐ.வி. தொற்றுள்ளோரின் இறப்புக்கு முதன்மைக் காரணம் அதுவே. ஒருவகை நிமோனியா, பூஞ்சையால் வரும் மூளைக்காய்ச்சல், மூளையில் கட்டிகளை உண்டாக்கும் ஒட்டுண்ணித் தொற்று ஆகியவை அடுத்து நிற்கின்றன. சி.டி.4 எண்ணிக்கை 50க்கும் கீழே இறங்கியவர்களுக்குக் கண்ணின் விழித்திரையை ஒரு வைரஸ் தாக்கிப் பார்வையைப் பறிக்கக்கூடும். பின்னர் கூட்டு மருந்து எடுத்து உடல் தேறினாலும் போன பார்வை திரும்புவதில்லை.

தாமதமாக வந்தவருக்குச் சிகிச்சையே ஒரு சோதனையாகும் தருணமும் உண்டு. மருந்து தொடங்கிய சில வாரங்களில் நோய் எதிர்ப்பு ஆற்றல் விழித்தெழுந்து, உடலில் பதுங்கியிருந்த காசநோய்க் கிருமி போன்றவற்றின் மீது கடுமையாகப் பாயும். காய்ச்சலும் வீக்கமும் முன்னைவிட அதிகமாகும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணி இந்தக் கட்டத்தில் நிறுத்திவிடுபவர்கள் உண்டு. மூளைக்காய்ச்சல் இருந்தால் கூட்டு மருந்தைச் சில வாரம் தள்ளியே தொடங்க வேண்டியுள்ளது. முன்கூட்டியே வந்தவருக்கு இந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் இல்லை. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அவ்வளவே.

முன்கூட்டித் தொடங்குவதால் என்ன பயன் என்பதை 2015இல் வெளியான 'ஸ்டார்ட்' ஆய்வு தெளிவாக்கியது. 35 நாடுகளில் 4,685 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு சி.டி.4 எண்ணிக்கை 500க்கு மேல் இருக்கும்போதே மருந்து கொடுத்தனர்; மறு பிரிவினருக்கு அது 350க்கு இறங்கும்வரை காத்திருந்தனர். முதல் பிரிவில் கடுமையான நோயும் இறப்பும் 57 விழுக்காடு குறைவு. அதற்கு முன்பே 2011இல், சென்னையையும் ஒரு களமாகக் கொண்டு ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஆய்வு, ஒருவருக்குத் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்தால் இணையருக்குத் தொற்றுவது 96 விழுக்காடு குறைகிறது என்று காட்டியிருந்தது. வைரஸ் அளவு சோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை என்பது இன்று நிலைநாட்டப்பட்ட உண்மை. ஆகவே தாமதமான ஒவ்வோர் ஆண்டும் நோயாளி ஒருவருக்கு மட்டும் இழப்பு அன்று.

இந்தியாவிலேயே இந்த அறிவு நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. 2004 ஏப்ரல் 1 அன்று அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது, சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே போனால்தான் மருந்து என்ற நிலை இருந்தது. பிறகு அது 350 என்றும், 500 என்றும் உயர்ந்தது. 2017இல்தான், எண்ணிக்கையைப் பாராமல், தொற்று உறுதியான அனைவருக்கும் உடனே மருந்து என்ற கொள்கை வந்தது. இடைப்பட்ட காலத்தில், நேரத்தோடு சோதித்துக்கொண்டு வந்தவர்களிடமே 'இன்னும் மருந்து தேவையில்லை, பிறகு வாருங்கள்' என்று சொல்லி அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப் போனவர்களில் பலர் படுத்த படுக்கையாகத்தான் திரும்பினர்.

வீட்டின் கணக்கு

கூட்டு மருந்தின் விலை வரலாறு வியப்பானது. 2000ஆம் ஆண்டளவில் ஒருவருக்கு ஓராண்டு மருந்து பத்தாயிரம் அமெரிக்க டாலருக்கு மேல். 2001இல் மும்பையின் சிப்லா நிறுவனம், யூசுப் ஹமீதின் தலைமையில், அதை ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்தது. இப்போது முதல்நிலை மருந்து உலக அமைப்புகளுக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிறது. இந்திய நோயாளிக்கு அரசு மையத்தில் அதுவும் இலவசம்.

அப்படியிருக்க, இந்த நோயால் குடும்பங்கள் கடனாளியாவது எப்படி? கடன் எல்லாம் பெரும்பாலும் நோயின் பெயர் தெரிவதற்கு முன்பே வாங்கப்படுகிறது. இலவச மருந்து தொடங்கும் நாளில் வீட்டில் நகை இல்லை. டைபாய்டுக்கும் ஸ்கேனுக்கும் எண்டோஸ்கோபிக்கும் அது அடகுக் கடைக்குப் போயிருக்கும். மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை நிற்கும். அதைக் கட்டத் தனியாரிடம் வட்டிக்கு வாங்கியிருப்பர். நிலம் வைத்திருப்பவர் அதையும் விற்கத் தொடங்கியிருப்பார். கரிசலில் மானாவாரி நிலத்துக்கு அவசரத்தில் நல்ல விலை கிடைக்காது.

மருத்துவச் செலவைவிடக் கூலி இழப்பு பெரிது. ஆள் படுத்துவிட்டால் அவர் கூலி நிற்கும். அவரைப் பார்த்துக்கொள்ளும் மனைவியின் கூலியும் நிற்கும். தீப்பெட்டி ஆலையில் செய்த வேலைக்குத்தான் கூலி. வராத நாளுக்கு ஒன்றுமில்லை. பேருந்துச் செலவு, கூட வருபவருக்குச் சாப்பாடு, மருத்துவமனை வாசலில் தங்குவது என்பவை எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

அரசின் கணக்கிலும் தாமதம் செலவையே கூட்டுகிறது. கனடாவின் கால்கரி நகரில் செய்து 2004இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சி.டி.4 எண்ணிக்கை 200க்குக் கீழே இருக்கும்போது வந்தவர்களுக்கு முதல் ஆண்டில் ஆன மருத்துவச் செலவு மற்றவர்களைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. பெரும்பகுதி மருத்துவமனையில் படுத்திருந்ததற்கான செலவு. இங்கும் நிலைமை அதுவே. பூஞ்சை மூளைக்காய்ச்சலுக்குத் தரும் ஊசி மருந்தின் ஒரு சிறு புட்டி விலை, பல மாதக் கூட்டு மருந்தின் விலையை எட்டக்கூடும்; அது ஒன்றோடு முடிவதில்லை, முதுகுத்தண்டில் நீர் எடுப்பதும் வாரக்கணக்கில் படுக்கையும் சேரும்.

தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் பயன்பாட்டுப் பொருளாதார ஆய்வுக் குழுவும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2006இல் வந்தது. கணவனை இழந்த பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கு அவருடைய சொத்தில் பங்கு மறுக்கப்பட்டதை அது பதிவு செய்தது. கணவன் தாமதமாக வந்து இறக்கிறான். அதன் பிறகே மனைவியைச் சோதிக்கின்றனர், அதன் பிறகே பிள்ளைகளை. மூன்று முடிவுகளும் ஒரே வாரத்தில் வரும் வீடுகள் உண்டு. 'உன்னால்தான் வந்தது' என்ற பழி மட்டும் மருமகள் மீது. நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா, லாரி ஓட்டுநரான கணவர் வழியாகத் தமக்குத் தொற்று வந்ததை வெளிப்படையாகச் சொல்லி, 1998இல் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கான கூட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். பெண்கள் பெயர் சொல்லிப் பேசவே அஞ்சிய காலத்தில் அது பெரிய செயல்.

பிள்ளைகளின் இழப்பு பள்ளி வருகைப் பதிவேட்டில் முதலில் தெரியும். அப்பா மருத்துவமனையில் இருக்கும் மாதங்களில் மூத்த பெண் விட்டுவிட்டு வருவாள். தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடுவாள். அடுத்த ஆண்டு நூற்பாலையில் சேர்ந்திருப்பாள். இத்தகைய பிள்ளைகளின் படிப்புக்கும் ஊட்டத்துக்கும் உதவத் தமிழ்நாடு அரசு 2009இல் 5 கோடி ரூபாய் வைப்புநிதியுடன் ஓர் அறக்கட்டளையை அமைத்தது. நல்ல ஏற்பாடு, ஆனால் பெற்றவருக்கு நோய் இருப்பது தெரிந்தால்தான் பிள்ளை அந்த உதவிக்குள் வர முடியும்.

சாத்தூர் நிகழ்வு

தாமதம் எப்போதும் நோயாளியின் தயக்கத்தால் வருவதில்லை என்பதைக் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள சாத்தூரில் நடந்தது காட்டியது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு இரத்தசோகைக்காக இரத்தம் ஏற்றப்பட்டது. இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்தது. அதைக் கொடுத்த இளைஞர், உறவினர் ஒருவருக்காகக் கொடுத்திருந்தார். பின்னர் வெளிநாட்டு வேலைக்கு மருத்துவச் சோதனை செய்துகொண்டபோது தமக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தார். அறிந்ததும் தாமே சென்று இரத்த வங்கியில் சொன்னார். அதற்குள் இரத்தம் ஏற்றப்பட்டு முடிந்திருந்தது.

விசாரணையில் இன்னொன்றும் வெளிவந்தது. அதே இளைஞர் 2016இலும் இரத்தம் கொடுத்திருந்தார். அப்போதே சோதனையில் தொற்று தெரிந்து அந்த இரத்தம் ஒதுக்கப்பட்டது. அவருக்கு மட்டும் செய்தி போய்ச் சேரவில்லை. தொற்று கண்ட கொடையாளரை அழைத்துச் சொல்லி நம்பிக்கை மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது இரத்த வங்கிகளுக்கு உள்ள நடைமுறை. அது நடந்திருந்தால் அவர் இரண்டு ஆண்டுக்கு முன்பே மருந்து தொடங்கியிருப்பார். மீண்டும் இரத்தம் கொடுத்திருக்கவே மாட்டார். உண்மையை முன்வந்து சொன்ன அவர், செய்தி நாடெங்கும் பரவிய அந்த மாத இறுதியில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு உடனே கூட்டு மருந்து தொடங்கப்பட்டது. 2019 ஜனவரியில் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் தெரிந்தது. அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. ஒரு தொலைபேசி அழைப்பின் செலவோடு அந்தத் தொகையை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இழந்த உயிருக்கு ஒப்பீடு இல்லை.

குழந்தை தப்பியது தற்செயல் அன்று. தாய்க்குச் சிகிச்சை இல்லாவிட்டால், தாய்ப்பால் வழியையும் சேர்த்து, 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்று பெறக்கூடும். காலத்தில் மருந்து கொடுத்தால் அது ஐந்துக்கும் கீழே குறைகிறது. கருவுற்ற பெண்கள் அனைவருக்கும் சோதனை செய்யும் வழக்கம் தமிழ்நாட்டில் நன்கு வேரூன்றியதால்தான் பெண்கள் ஆண்களைவிட முன்னதாகக் கண்டறியப்படுகின்றனர். ஆண்களுக்கு அப்படி ஒரு கட்டாய வாய்ப்பு வாழ்க்கையில் வருவதில்லை. மனைவிக்குச் செய்யும்போது கணவனுக்கும் செய்யலாம் என்று மையங்களில் அழைக்கின்றனர், வருபவர்கள் குறைவு.

சோதனையும் சட்டமும்

நம்பிக்கை மையத்தில் சோதனைக்கு முன்பும் பின்பும் ஆலோசகர் தனியாகப் பேசுவார். விரலில் அல்லது கையில் சிறிது இரத்தம் எடுப்பர். பெரும்பாலும் அன்றே முடிவு சொல்வர். ஒரு சோதனையில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால் வேறு இரு வகைச் சோதனைகளாலும் உறுதி செய்த பிறகே 'உள்ளது' என்பர். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் சோதனை 'இல்லை' என்று காட்டக்கூடும். எனவே ஐயம் இருப்பவர் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். காசநோய் உறுதியான ஒவ்வொருவருக்கும் இச்சோதனை செய்யப்பட வேண்டும் என்பது நாட்டின் விதி. செய்யாவிட்டால் நோயாளியின் வீட்டாரே கேட்கலாம்.

2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி ஒருவருடைய ஒப்புதலின்றிச் சோதனை செய்யக்கூடாது. முடிவைப் பிறருக்கு வெளியிடக்கூடாது. தொற்றைக் காரணம் காட்டி வேலையிலிருந்து நீக்குவதோ, பள்ளியில் சேர்க்க மறுப்பதோ, வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றுவதோ, மருத்துவம் செய்ய மறுப்பதோ குறைதீர்ப்புக்கு உரியது. தொற்றுள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இப்பாதுகாப்பு உண்டு.

தேசிய உதவி எண் 1097. கட்டணம் இல்லை, பெயர் சொல்ல வேண்டியதில்லை, தமிழிலும் பேசலாம். அருகிலுள்ள நம்பிக்கை மையம் எது, உள்ளூரில் வேண்டாமென்றால் வேறு எந்த ஊரில் உள்ளது என்பதையும் அந்த எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.